ஒரு கொங்கிரீட் கூரை, 60 பாகை வெயில், 11.9 மெகாபாஸ்கல்

கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் இறுதியாண்டுப் பொறியியல் மாணவர் ஒருவர் தன் வீட்டுக் கொங்கிரீட் கூரையைக் கணினியில் மாதிரியாக்கியிருக்கிறார். தட்டு 10 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம், 125 மில்லிமீற்றர் தடிப்பு. சித்திரை வெயிலுக்கு 60 பாகை செல்சியஸ் என்று எடுத்துக்கொண்டு, அன்சிஸ் மென்பொருளில் ‘தேர்மல் கண்டிஷன்’ என்ற சுமையாகத் தட்டுக்குக் கொடுத்திருக்கிறார். சுவரில் உட்காரும் நான்கு ஓரங்களையும் அசையாதபடி பிணைத்துவிட்டார். நடுவில் 11.9 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் உள்ளே எழும் அமுக்க விசை) வருகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் அதைவிட அதிகம்; கணக்குக்காகத் தட்டைச் சிறு மூலகங்களாகப் பிரிக்கும் வலையை நுணுக்க நுணுக்க அது ஏறிக்கொண்டே போகிறது. வீட்டிலோ கூரைக்கு ஒன்றுமில்லை. கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரில்தான் கிடையாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. “என் மாதிரியில் எங்கே பிழை? அந்த வெடிப்பைச் சீமெந்து வைத்துப் பூசிவிடலாமா என்று அப்பாவும் கேட்கிறார்” என்கிறார்.

தம்பி, மென்பொருள் பிழை விடவில்லை. நீங்கள் கேட்டதற்கு அது சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. ஒரு துண்டுத் தாளை எடுங்கள். கொங்கிரீட்டின் யங்கின் மட்டு (விறைப்பின் அளவு) 25,000 மெகாபாஸ்கல், விரிகைத்திறன் (சூடேறும்போது நீளும் விகிதம்) பாகைக்கு 0.00001, புவசோன் விகிதம் (ஒரு திசையில் அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும் விகிதம்) 0.2 என்று கொடுத்திருப்பீர்கள். இரண்டு திசையிலும் விரிய விடாமல் தடுத்த ஒரு தட்டில் வரும் தகைப்பு, மட்டு பெருக்கல் விரிகைத்திறன் பெருக்கல் வெப்பநிலை உயர்வு, வகுத்தல் ஒன்றிலிருந்து புவசோன் விகிதம் கழித்த எண். அதாவது 25,000 × 0.00001 × 38 ÷ 0.8. விடை 11.875. உங்கள் எண் அப்படியே வந்துவிட்டது. அந்த 38 எங்கிருந்து வந்தது? 60 இலிருந்து 22 ஐக் கழித்தால் வருவது. அந்த 22 ஐ நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள். அன்சிஸ் தானாக வைத்திருக்கும் சூழல் வெப்பநிலை அது.

ஆக இந்த ஒரு வரிக்குள் நீங்கள் எடுத்த மூன்று முடிவுகள் இருக்கின்றன. கூரை 22 பாகையில் தகைப்பில்லாமல் இருந்தது என்பது ஒன்று. மேலும் கீழும் நடுவும் எல்லாம் ஒரே 60 பாகை என்பது அடுத்தது. சுவர் மயிரிழையும் அசையாது என்பது மூன்றாவது. மூன்றும் உங்கள் வீட்டில் உண்மை இல்லை. அவற்றில் மூன்றாவதுதான் மிகப் பெரியது, ஆனால் வரிசையாகவே போவோம்.

அதற்கு முன் அடிப்படை ஒன்று. வெப்பநிலையை மென்பொருள்கள் ‘சுமை’ என்ற பட்டியலில் வைத்திருப்பதால், பலர் அதை விசை போலவே நினைத்துவிடுகிறார்கள். மணலில் கிடக்கும் இரும்புக் கம்பியை வெயில் காய்ச்சினால் அது நீளும், ஆனால் அதற்குள் ஒரு தகைப்பும் வராது. நீள விடாமல் எதுவாவது பிடித்தால்தான் தகைப்பு. யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர் நீளம். அந்த நீளத்தில் ஒரே துண்டாக ஓர் எஃகு உத்திரம் இருந்து 25 பாகை சூடேறினால் 86 மில்லிமீற்றர் நீளும். பாலங்களுக்கு இடைவெளி மூட்டு வைப்பதும், ஒரு முனையை நகர விடுவதும் இதற்காகத்தான். மறுபக்கம் தண்டவாளம். 2014 ஒக்டோபரில் பளையிலிருந்து யாழ்ப்பாணம் வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது, அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. மீற்றருக்கு 60 கிலோகிராம் நிறையுள்ள ரகத் தண்டவாளம் ஒன்றை இடைவெளியே இல்லாமல் நீளமாக ஒட்டிப் பூட்டி, 30 பாகை சூடாக்கினால், அதற்குள் வரும் அமுக்க விசை ஏறத்தாழ 550 கிலோநியூற்றன், கிட்டத்தட்ட 55 தொன் பாரம். நீளம் 100 மீற்றரோ 10 கிலோமீற்றரோ, விசை மாறாது. பிணைத்த பொருளில் தகைப்பு நீளத்தைப் பார்ப்பதில்லை, விடுவித்த பொருளில் அசைவு நீளத்தைப் பார்க்கும். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் வெப்பக் கணக்கில் பாதி முடிந்தது.

இனி அந்த 22. ஒவ்வொரு மென்பொருளும் தன் பூச்சியத்தை, அதாவது தகைப்பில்லாத தொடக்க வெப்பநிலையை, வேறொரு இடத்தில் வைத்திருக்கிறது. அன்சிஸ் 22 பாகை. சொலிட்வேர்க்ஸ் 298 கெல்வின், அதாவது 25 பாகை. அபாகஸில் தொடக்க வெப்பநிலை என்று தனியாக நீங்கள் எழுதாவிட்டால் அது பூச்சியம். ஆகவே 60 என்று கொடுத்தால் 60 பாகை உயர்வு என்றே எடுத்துக்கொள்ளும். சாப் 2000, ஈடாப்ஸ் போன்ற கட்டடச் சட்டக மென்பொருள்களில் நீங்கள் எழுதும் எண்ணே வெப்பநிலை மாற்றம்தான், வெப்பநிலை அல்ல. ஒரே 60 ஐ நாலு இடத்தில் கொடுத்தால் 38, 35, 60, 60 என்று விடை வரும். நாலும் சிவப்பும் மஞ்சளுமாக அழகான படம் தரும். ஒன்றுகூட எச்சரிக்கை காட்டாது.

சரி, உங்கள் கூரைக்கு எந்தப் பூச்சியம்? கொங்கிரீட் இறுகிக் கெட்டியான அந்த நேரத்து வெப்பநிலை. யாழ்ப்பாணத்தில் 22 பாகை என்பது மார்கழி, தை மாதத்து விடியற்காலை. அந்த நேரத்தில் யாரும் தட்டுப் போடுவதில்லை. காலையில் கலக்கத் தொடங்கிப் பகலில் முடிப்பார்கள். சீமெந்து நீருடன் சேரும்போது தானும் கொஞ்சம் சூடு விடும். 125 மில்லிமீற்றர் மெல்லிய தட்டு என்பதால் அந்தச் சூடு தேங்கி நிற்காது. நான் என்றால் 32 என்று வைப்பேன். ஒரு தடவை 28, ஒரு தடவை 36 என்றும் ஓட்டிப் பார்த்து விடை எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொள்வேன்.

அதோடு நிற்காது. கொங்கிரீட் காயும்போது சுருங்கும். மில்லியனுக்கு 300 முதல் 500 பங்கு என்பது வழக்கமான அளவு. விரிகைத்திறன் மில்லியனுக்குப் பத்து என்றால், அந்தச் சுருக்கம் 30 முதல் 50 பாகை குளிர்ந்ததற்குச் சமம். பல மென்பொருள்களில் சுருக்கத்துக்கென்று தனிப் பெட்டி இல்லாததால், எதிர்மறை வெப்பநிலையாகத்தான் அதைக் கொடுக்கிறோம். ஆனால் சுருக்கம் மாதக்கணக்கில் மெதுவாக வருவதால், கொங்கிரீட் அதற்கு இசைந்து கொடுத்துத் தகைப்பைத் தளர்த்திவிடும். ஆகவே அந்தப் பகுதிக்கு யங்கின் மட்டை மூன்றில் ஒன்று அல்லது பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பகல் வெயிலுக்கு அந்தச் சலுகை கிடையாது, முழு மட்டு. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கலக்காதீர்கள். தனித்தனியாக ஓட்டி விடைகளைக் கூட்டுங்கள்.

விரிகைத்திறன் அட்டவணையிலும் ஒரு பொறி உண்டு. கைநூல்களில் உள்ளது பெரும்பாலும் 20 பாகையிலிருந்து அளந்த சராசரி. உங்கள் பூச்சியம் வேறானால் திருத்தம் வேண்டும். கூரைக்கு இது கணக்கில் வராது. கொதிகலன், புகைபோக்கி என்று 500 பாகை விவகாரம் செய்யும் நாளில் நினைவுக்கு எடுங்கள்.

அடுத்தது, 60 பாகை என்ற பரவல். சூரியன் தெற்கேயிருந்து வடக்கே போகும்போது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. பிறகு ஆவணியில் திரும்பி வரும்போது இன்னொரு தடவை. அந்த நாட்களில் மேகமில்லாத உச்சி வெயில் சதுர மீற்றருக்கு 950 வாற்று அளவில் விழும் என்று எடுக்கலாம். வெளிறிப் பாசி படர்ந்த கொங்கிரீட் அதில் 65 வீதத்தை உறிஞ்சும். காற்றும் கதிர்வீசலும் சேர்ந்து அள்ளிப் போகும் வீதம் சதுர மீற்றருக்குப் பாகைக்கு 22 வாற்று என்று வையுங்கள். 0.65 × 950 ÷ 22 = 28. காற்று 33 பாகை என்றால் கூரைக்குத் தெரியும் ‘வெயில் வெப்பநிலை’ 61. உங்கள் 60 ஒன்றும் கற்பனை இல்லை. ஆனால் அது மேற்பரப்பை நோக்கி நிற்கும் வெளி நிபந்தனை. கூரை முழுவதும் அந்த வெப்பநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள் அல்ல.

என் வீட்டுக் கூரையில் ஒரு சித்திரை மத்தியானம் தொடாமலே அளக்கும் அகச்சிவப்புக் கைவெப்பமானியைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை மணிக்கு மேலே 55, உள்ளே சீலிங் இல்லாத அறையில் தட்டின் அடிப்பக்கம் 36. இரவு ஏழரைக்கு மேலே 34 ஆக இறங்கிவிட்டது, அடிப்பக்கம் 39. மின்விசிறி ஏன் இரவில் அனல் காற்றை இறைக்கிறது என்று அம்மா கேட்ட கேள்விக்கு அந்த 39 தான் பதில். (தகரக் கூரையில் இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு சொல்: புதிய பளபளப்பான நாகத் தகரம் தன் சூட்டைக் காட்டாது, வானத்தைத்தான் பிரதிபலிக்கும், கருவி 30 என்று பொய் சொல்லும், கை வைத்தால் சுடும். ஒரு துண்டு கறுப்பு மின்சார ரேப்பை ஒட்டி, அது சூடேறும்வரை பொறுத்து, அதன்மேல் அளந்து பாருங்கள்.)

இந்தத் தாமதத்தைக் கணக்கிலும் பார்க்கலாம். கொங்கிரீட்டின் வெப்பக் கடத்தாறு மீற்றருக்குப் பாகைக்கு 1.6 வாற்று, அடர்த்தி 2,400, தன்வெப்பக் கொள்ளளவு 900 என்று எடுத்தால், நாளுக்கு ஒருமுறை வந்துபோகும் வெப்ப அலை 125 மில்லிமீற்றரைக் கடக்க மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல் எடுக்கும். ஆகவே உறுதிநிலை வெப்பப் பகுப்பாய்வு இங்கே உதவாது. நேரத்தோடு மாறும் பகுப்பாய்வு வேண்டும். மேல் முகத்துக்கு மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் மாறும் வெயில், கீழ் முகத்துக்கு அறைக் காற்று. ஒரு நாள் மட்டும் ஓட்டினால் நீங்கள் கொடுத்த தொடக்க வெப்பநிலையின் வாசனை போகாது. ஒரே நாளை நான்கு ஐந்து தடவை திரும்ப ஓட்டுங்கள். நேற்றைய விடியலும் இன்றைய விடியலும் ஒரே எண் காட்டினால் அந்த நாளை எடுத்துக்கொள்ளலாம். பிறகு அந்த வெப்பநிலைப் புலத்தைக் கட்டமைப்புப் பகுப்பாய்வுக்குள் இறக்குமதி செய்யுங்கள். வேண்டிய நேரங்களை நீங்களே தேருங்கள்: மத்தியானம் இரண்டு மணி, இரவு எட்டு மணி, விடியற்காலை ஐந்தரை. கடைசி நேரப் படி எதுவோ அதை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு நள்ளிரவுக் கூரையை ஆராய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு இடத்தில் கை நடுங்கும். ஒன்று நேரப் படி. ‘சின்னப் படி நல்லது’ என்று படித்திருப்பீர்கள். வெப்பத்தில் அது எப்போதும் உண்மை இல்லை. தடிப்புக்கு 25 மில்லிமீற்றர் வீதம் ஐந்து நேரியல் மூலகம் வைத்தால், ஏறத்தாழ 140 செக்கனுக்குக் குறைவான படியில், மேலே சூடேற்றும் கணத்தில் உள்ளே இருக்கும் கணு (மூலகங்கள் சந்திக்கும் புள்ளி) தொடக்க வெப்பநிலையைவிடக் குளிர்வதாகக் காட்டும். 31 பாகையில் இருந்த கணு, வெயில் பட்டதும் 29 க்கு இறங்குகிறது! இயற்கையில் நடக்க முடியாத காரியம். காரணம் எளிது: அந்தக் கொஞ்ச நேரத்தில் வெப்பம் ஒரு மூலகத்தின் அளவுக்குக்கூட உள்ளே நுழையவில்லை, அவ்வளவு செங்குத்தான மாற்றத்தை அந்த மூலகத்தால் வரைய முடியாமல் கீழே வளைகிறது. மூலக நீளத்தின் வர்க்கத்தை வெப்பப் பரவுதிறனின் (கடத்தாறு ÷ அடர்த்தி ÷ தன்வெப்பக் கொள்ளளவு) ஆறு மடங்கால் வகுத்தால் அந்த எல்லை வரும். ஒன்றில் மூலகத்தைச் சிறிதாக்குங்கள், இல்லாவிட்டால் படியைப் பெரிதாக்குங்கள். கூரைக்குப் பத்து நிமிடப் படி தாராளம்.

மற்றது அலகு. மில்லிமீற்றர், தொன், செக்கன் அலகில் மாதிரி வைத்திருப்பவர்களுக்கு வெப்பக் கடத்தாறு 1.6 என்பது 1.6 ஆகவே இருக்கும். அதைப் பார்த்து, காற்றும் கதிர்வீசலும் அள்ளிப் போகும் வீதமான 22 உம் 22 ஆகவே இருக்கும் என்று எழுதிவிடுவார்கள். அது 0.022 ஆக வேண்டும். ஆயிரம் மடங்கு காற்று வீசினால் கூரை என்ன, உலையே குளிர்ந்துவிடும். அடர்த்தி 0.0000000024, தன்வெப்பக் கொள்ளளவு 900,000,000. இந்த எண்களைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதால்தான் நான் வெப்பக் கணக்கை மீற்றர் அலகிலேயே செய்கிறேன். கதிர்வீசலைத் தனியாகக் கொடுப்பவர்கள், அது கெல்வினின் நாலாம் அடுக்கு என்பதை மறந்து செல்சியஸில் விட்டுவிடக் கூடாது, மென்பொருளில் 273.15 என்ற பெயர்ச்சி கொடுக்கும் இடம் இருக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம், சுவர். “நான் முழுமையாகப் பிணைத்தேன், அது பாதுகாப்பான பக்கம்தானே” என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பாரச் சுமைக்கே அது சரியில்லை, வெப்பத்துக்கு முழுப் பிழை. எண்ணைப் பாருங்கள். இரண்டு மணி அளவில் மேலே 55, கீழே 36, சராசரி 44 (உள்ளே வெப்பநிலை நேர்கோடாக இறங்காது) என்று வைப்போம். பூச்சியம் 32. சராசரி உயர்வு 12, மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 19. நீங்கள் செய்தது போல ஓரத்தைப் பிணைத்தால், சராசரி உயர்வால் தட்டு முழுவதும் 3.75 மெகாபாஸ்கல் அமுக்கம். வித்தியாசத்தால் மேலே இன்னும் 3 அமுக்கம், கீழே 3 இழுவை. கூட்டினால் மேலே 6.7 அமுக்கம், கீழே 0.8 அமுக்கம். எங்கும் இழுவையே இல்லை. கொங்கிரீட்டுக்கு இதைவிட இன்பமான வாழ்க்கை கிடையாது. ஆனால் உண்மையில் உங்கள் கல்லுச் சுவர் தட்டை நீள விடாமல் பிடிக்கும் பலம் கொண்டதல்ல. அந்த 3.75 அமுக்கம் வராது. வளைவு மட்டும் தடுக்கப்படும் இடத்தில், அதாவது இரண்டு அறைகளுக்கு மேல் தொடர்ந்து போகும் தட்டு நடுச்சுவரின் மேல், அடிப்பக்கத்தில் 3 மெகாபாஸ்கல் இழுவை அப்படியே நிற்கும். அதைவிடக் கூடவும் வரலாம். சாதாரணக் கொங்கிரீட் 2 முதல் 3 மெகாபாஸ்கல் இழுவையிலேயே வெடிக்கும். நீங்கள் போட்ட ‘பாதுகாப்பு’ உண்மையான ஆபத்தை மறைத்துவிட்டது.

மூலையில் ஏறிக்கொண்டே போகும் தகைப்பும் அந்தப் பிணைப்பின் பிள்ளைதான். ஓர் ஓரத்தின் எல்லாக் கணுக்களையும் மூன்று திசையிலும் பூட்டினால், அந்த முகத்தில் தடிப்புக்கூட விரிய முடியாது. பூட்டிய முகமும் சுதந்திரமான முகமும் சந்திக்கும் கோட்டில் கணித ரீதியாக முடிவில்லாத தகைப்பு. வலையை நுணுக்கினால் அதை நோக்கிப் போவீர்களே தவிர ஒரு விடைக்கு வரமாட்டீர்கள்.

அப்படியானால் எப்படித் தாங்குவது? முதலில் பரிசோதனைக்காகச் சுவரையே எடுத்துவிடுங்கள். ஒரு மூலைக் கணுவை மூன்று திசையிலும், அதே ஓரத்தின் மறு மூலையை இரண்டு திசையிலும், மூன்றாவது மூலையை ஒரு திசையிலும் மட்டும் பிடியுங்கள். உடல் உருண்டு போகாது, ஆனால் விரியும். முழுத் தட்டுக்கும் ஒரே வெப்பநிலை கொடுங்கள். தகைப்பு பூச்சியம் வர வேண்டும், தாங்கு விசைகளும் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் உங்கள் பொருட்குணத்திலோ பிடித்த இடத்திலோ பிழை. அடுத்து மேல் சூடு, கீழ் குளிர் என்று நேர்கோடாக மாறும் பரவலைக் கொடுங்கள். தட்டு குடை போல மேலே வளையும், தகைப்பு அப்போதும் பூச்சியம். நான்கு மீற்றர் அகலத்துக்கு 19 பாகை வித்தியாசம் 3 மில்லிமீற்றர் உயர்வு தரும். கையாலும் கணக்கிட்டு ஒப்பிடலாம். இந்த இரண்டு ஓட்டமும் பத்து நிமிட வேலை. யாராவது எனக்கு வெப்பத் தகைப்புப் படம் காட்டினால் நான் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.

அதன் பிறகு சுவரைக் கொண்டுவாருங்கள். சுவரையும் மாதிரியாக்கி, தட்டுக்கும் சுவருக்கும் இடையே உராய்வுத் தொடுகை வைக்கலாம். தன் பாரத்தையும் சேர்த்தே ஓட்ட வேண்டும், ஏனென்றால் தட்டை உட்கார வைப்பது பாரம்தான். இப்போது கதை மாறும். தட்டு நடுவிலிருந்து இரு பக்கமும் நீளும். விடியற்காலையில் சராசரி 28, மத்தியானம் 44, வித்தியாசம் 16. நடுவிலிருந்து ஓரம் 5 மீற்றர். 5,000 × 0.00001 × 16 = 0.8 மில்லிமீற்றர். ஒவ்வொரு நாளும் தட்டின் ஓரம் அவ்வளவு வெளியே போய், இரவில் உள்ளே வருகிறது. சுவர் நிழலில் இருக்கிறது, அடியில் அத்திவாரம் பிடித்திருக்கிறது, அதனால் அது கூடவே போவதில்லை. மேல் வரிசைக் கல்லும் சாந்தும்தான் இடையில் அகப்பட்டுக்கொள்கின்றன. உங்கள் வீட்டு வெடிப்பு கூரையில் வராமல், கூரைக்குக் கீழே, கிடையாக, அதுவும் ஓரங்களுக்குப் போகப் போகப் பெரிதாக இருக்கும் என்று நான் பார்க்காமலே சொல்வேன்.

இதே பாடத்தை நான் ஓர் அரிசி ஆலையில் படித்தேன். 12 மீற்றர் நீராவிக் குழாய், 150 பாகை. இரண்டு முனையும் பிணைப்பு என்று எழுதி ஓட்டினேன். 288 மெகாபாஸ்கல் வந்தது, சாதாரண எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் 250 மெகாபாஸ்கலையும் தாண்டி. குழாய் உடையும் என்று அறிக்கை எழுதிக்கொண்டு போய்ப் பார்த்தால் குழாய் சும்மா இருந்தது. 17 மில்லிமீற்றர் நீண்டு, தாங்கியை வளைத்து, சுவரில் அறைந்த ஆணியைப் பிடுங்கியிருந்தது. நான் ‘பிணைப்பு’ என்று ஒரு சொல்லால் மூடிய இடத்தில்தான் எல்லாமே நடந்திருந்தது.

தாங்கியே இல்லாமலும் தகைப்பு வரும் ஓர் இடம் உண்டு. சித்திரைச் சிறுமாரி. மூன்று மணிக்கு, கொதித்துக் கிடக்கும் கூரையில் திடீரென்று மழை கொட்டுகிறது. மேல் தோல் 55 இலிருந்து 35 க்கு விழுகிறது, உள்ளே இருப்பது இன்னும் சூடாகவே இருக்கிறது. சுருங்கப் பார்க்கும் தோலை உள்ளுடல் விடாது. முழுத் தடை என்றால் 25,000 × 0.00001 × 20 ÷ 0.8, அதாவது 6.25 மெகாபாஸ்கல் இழுவை. மழை ஒரே நொடியில் அப்படிக் குளிர்விக்காது, ஆகவே அவ்வளவும் வராது. பாதி வந்தாலும் மயிரிழை வெடிப்புக்குப் போதும். பழைய கூரைகளின் மேல் பல்லி முட்டை ஓடு போல நுண்ணிய வெடிப்பு வலை தெரிவதற்கு இதுவும் ஒரு பங்கு. சட்டக மென்பொருள்களில் இதைப் பிடிக்க முடியாது. அவை வெப்பநிலையைச் சராசரி ஒன்று, நேர்கோட்டு வித்தியாசம் ஒன்று என்று இரண்டாகத்தான் வாங்கும். மிச்சமிருக்கும் வளைந்த பங்கு, தனக்குள்ளேயே சமன் செய்துகொள்ளும் தகைப்பு, கைநழுவிப் போகும். பாலங்களுக்கான பழைய பிரித்தானிய விதியான பிஎஸ் 5400, ஐரோப்பிய விதியான யூரோக்கோட் இரண்டும் தடிப்பினூடே வளைந்து போகும் பரவலை வரைந்து காட்டுவதற்குக் காரணம் அதுதான். உங்களிடம் திண்ம மூலகம் இருக்கிறது. தோலுக்கு அருகே பத்து மில்லிமீற்றர் அடுக்குகளாக நுணுக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். சீமெந்து வைத்துப் பூச வேண்டாம். நாளுக்கு ஒருமுறை திறந்து மூடும் இடத்தில் கெட்டிச் சாந்து நிற்காது, அடுத்த சித்திரையில் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடும். முதலில் அளக்கச் சொல்லுங்கள். வெடிப்பின் இரு பக்கமும் கூரான பென்சிலால் ஒன்றுக்கு நேர் ஒன்றாகக் கோடு போட்டு, விடிய ஆறு மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் அந்தக் கோடுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பத்து நாள் எழுதட்டும். காலையும் மாலையும் ஒரே எண் என்றால் இது வெப்பம் இல்லை; அத்திவாரத்தைப் பார்க்க ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். எண் மாறினால், உங்கள் மாதிரியின் உராய்வுக் குணகத்தைச் சரி செய்ய உலகத்திலேயே உங்களுக்கு மட்டும் கிடைத்த தரவு அது. பிறகு வெடிப்பை ஒரு விரல் அகலத்துக்குச் சீராகக் கீறி, இழுபடும் தன்மையுள்ள சீலன்ற் வைத்து நிரப்பலாம். அதற்கு முன் கூரையின் மேல் வெள்ளை பூசுங்கள். உறிஞ்சும் வீதத்தை 0.65 இலிருந்து 0.3 க்கு மாற்றி அதே மாதிரியை ஓட்டினால், 61 என்ற அந்த வெயில் வெப்பநிலை 46 க்கு இறங்குவதைப் பார்ப்பீர்கள். ஓரத்தின் அசைவு எவ்வளவு குறைகிறது என்பதை நீங்களே எடுத்து எழுதுங்கள். பூச்சு இரண்டு கோடையில் அழுக்கேறிவிடும், அப்போது 0.45 என்று போட்டு இன்னொரு தடவையும் ஓட்டுங்கள்.